பூட் பார்டிஷனில் இடமில்லை: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

"டிஸ்கில் 200 ஜிபி காலியா இருக்கு, ஆனா இடமில்லைன்னு சொல்லுது." லினக்ஸ் நிறுவும்போதோ அப்டேட் செய்யும்போதோ பாதியில் நின்றுபோனவர்கள் என்னைக் கூப்பிட்டுச் சொல்வது பெரும்பாலும் இதுதான். அவர்கள் சொல்வதும் சரி, கணினி சொல்வதும் சரி. காலியாக இருப்பது ரூட் (/ என்று குறிக்கும் முதன்மை இடம்) அல்லது ஹோம் (உங்கள் கோப்புகள் இருக்கும் இடம்), நிறைந்து வழிவது கணினி கிளம்புவதற்காக பூட் என்று ஒதுக்கிய சின்ன இடம். இதைக் கேட்டவுடன் பலர் ஜிபார்ட்டட் என்ற கருவியைத் திறந்து பார்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதியை) இழுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப இந்தப் பிழையைச் சரிசெய்ததில் நான் கண்டது, பெரும்பாலானவர்களுக்குப் பார்டிஷனைத் தொடாமலே வேலை முடிந்துவிடுகிறது. பார்டிஷனை அவசரமாக நகர்த்தியவர்களுக்குத்தான் டேட்டா போகிறது.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

முதலில்: எந்த பூட் நிறைந்திருக்கிறது?

பூட் என்ற பெயரில் மூன்று வேறு வேறு இடங்கள் இருக்கின்றன. பிழைச்செய்தியில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், அங்கேதான் குழப்பமே தொடங்குகிறது.

முதலாவது /பூட். கர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி), கிளம்பத் தேவையான டிரைவர்களோடு அதனுடன் சேர்ந்து ஏறும் இனிட்ஆர்டி கோப்பும் (இனிட்ராம்எஃப்எஸ் என்றும் சொல்வார்கள்) இருக்கும் இடம். உபுண்டுவையோ மின்ட்டையோ சாதாரணமாக நிறுவியிருந்தால் இது தனிப் பார்டிஷனாகவே இருக்காது, ரூட்டுக்குள் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். டிஸ்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்கள், ஃபெடோரா வைத்திருப்பவர்கள், கையால் பிரித்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் தனியாக இருக்கும்.

இரண்டாவது /பூட்/இஎஃப்ஐ. இது ஃபேட்32 பார்டிஷன், விண்டோஸும் லினக்ஸும் பகிர்ந்துகொள்வது. விண்டோஸ் முதலில் நிறுவிய லேப்டாப்பில் இது வழக்கமாக 100 எம்பி, சிலவற்றில் 260 எம்பி.

மூன்றாவது பயாஸ் பூட். பழைய பயாஸ் முறையில் கிளம்பும் கணினியில், டிஸ்க் ஜிபிடி (பார்டிஷன் பட்டியலை எழுதும் புதிய முறை) முறையில் இருந்தால், லினக்ஸைக் கிளப்பும் நிரலான கிரப் தன் ஒரு பகுதியை வைக்கக் கேட்கும் 1 எம்பி இடம். இதில் கோப்புகள் கிடையாது, மவுன்ட்டும் ஆகாது, அதாவது ஒரு ஃபோல்டராக இணைந்து தெரியாது.

கணினி ஓடிக்கொண்டிருந்தால் டிஎஃப் -எச் /பூட் /பூட்/இஎஃப்ஐ என்று கொடுங்கள். வரும் வரிகளின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். /பூட் என்று கேட்டதற்கு வெறும் / என்று பதில் வந்தால் உங்களுக்குத் தனி பூட் பார்டிஷன் இல்லை, நிறைந்திருப்பது ரூட். அப்படியானால் பழைய ஸ்னாப் பேக்கேஜ்களையும் லாக்குகளையும் சுத்தம் செய்யும் வேலை அது, இந்த வழிமுறை உங்களுக்கு வேண்டாம். அடுத்து எல்எஸ்பிஎல்கே -எஃப், எது எங்கே மவுன்ட் ஆகியிருக்கிறது என்று அதில் தெரியும், அதை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே யுஎஸ்பியிலிருந்து ஓடும் லினக்ஸில்) இருக்கிறீர்கள் என்றால் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கணினி கிளம்புவது யுஇஎஃப்ஐ என்ற புதிய முறை, இல்லாவிட்டால் பழைய பயாஸ் முறை.

அறிகுறி 1: நிறுவி ஆரம்பத்திலேயே "பார்டிஷன் சிறியது" என்று நிறுத்துகிறது

இஎஃப்ஐ பார்டிஷன் 300 எம்பியாவது இருக்க வேண்டும் என்று சொன்னால்:

இது கலமரெஸ் நிறுவியில் வரும் எச்சரிக்கை. விண்டோஸ் ஒதுக்கிய 100 எம்பியைப் பார்த்துத்தான் சொல்கிறது. நீங்கள் நிறுவும் லினக்ஸ் கிரப்பைப் பயன்படுத்துகிறதா, கர்னல் /பூட்டில் போய் உட்காருமா என்று மட்டும் பாருங்கள். ஆம் என்றால் இஎஃப்ஐ பார்டிஷனுக்குள் கிரப் வைப்பது பத்து எம்பியைத் தாண்டாது. அங்கே பத்து பதினைந்து எம்பி காலியாக இருந்தாலே போதும், எச்சரிக்கையைத் தாண்டி மேலே போகலாம். உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாம் இந்த வகைதான், 100 எம்பி இஎஃப்ஐயில் விண்டோஸோடு சேர்ந்து எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடும். பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் பெரிதாக்கப் போய் விண்டோஸைக் கிளம்பாமல் செய்துவிடுவது இந்த எச்சரிக்கையால்தான் அதிகம் நடக்கிறது.

பாப் ஓஎஸ், அல்லது கிரப்புக்குப் பதில் சிஸ்டம்டி-பூட்டைத் தேர்ந்தெடுத்த வேறு விநியோகம் (லினக்ஸ் வகை) என்றால்:

இங்கே எச்சரிக்கையை மதிக்க வேண்டும். இவை கர்னலையும் இனிட்ஆர்டியையும் இஎஃப்ஐ பார்டிஷனுக்குள்ளேயே வைக்கும், ஒவ்வொரு கர்னலுக்கும் நூறு எம்பி சுற்றிப் போகும், 100 எம்பியில் ஒன்றுகூடக் கொள்ளாது. பழைய இஎஃப்ஐயை நீட்ட முயற்சிக்காதீர்கள். அதற்கு அடுத்து 16 எம்பியில் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு ஒதுக்கீடு, அதற்கடுத்து சி டிரைவ். இஎஃப்ஐயை நீட்ட வேண்டுமானால் சி டிரைவின் தொடக்கத்தையே தள்ள வேண்டும், மணிக்கணக்கில் ஓடும், நடுவில் கரண்ட் போனால் சி டிரைவ் போச்சு. அதற்குப் பதில் லினக்ஸுக்காக ஒதுக்கிய காலி இடத்திலேயே 1 ஜிபிக்கு இரண்டாவது இஎஃப்ஐ பார்டிஷனை ஃபேட்32 ஆக உருவாக்கி, அதை /பூட்/இஎஃப்ஐ என்று நிறுவிக்குச் சொல்லுங்கள். ஒரே டிஸ்கில் இரண்டு இஎஃப்ஐ இருப்பதை யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் ஏற்றுக்கொள்ளும்.

ஒன்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இப்படிச் செய்தால் சிஸ்டம்டி-பூட் மெனுவில் விண்டோஸ் தெரியாது, ஏனென்றால் அது தன் பார்டிஷனுக்குள் மட்டும்தான் விண்டோஸைத் தேடும். விண்டோஸ் அழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். கணினியை ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9 போன்ற விசையில் வரும் பூட் மெனுவில் அது இருக்கும்.

/பூட் சிறியது என்று சொன்னால்:

கையால் பார்டிஷன் பிரித்து, ஏதோ பழைய வழிகாட்டியைப் பார்த்து 200 எம்பி கொடுத்திருப்பீர்கள். இன்னும் எதுவும் எழுதப்படவில்லை, திரும்பிப்போய் மாற்றுங்கள். என்கிரிப்ஷன் வேண்டாம் என்றால் உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றிலும் தனி /பூட்டே போடாதீர்கள், இதுதான் என் உறுதியான கருத்து, அந்தப் பார்டிஷனை உருவாக்காவிட்டால் இந்தப் பிழை வாழ்நாளில் வராது. என்கிரிப்ஷன் வேண்டும் என்றால் 2 ஜிபி கொடுங்கள். பழைய உபுண்டு, டெபியன் நிறுவிகள் தாங்களாகவே 250இலிருந்து 700 எம்பி வரைதான் ஒதுக்கின. புதிய உபுண்டு 2 ஜிபிக்குப் பக்கமாகப் போய்விட்டது, ஃபெடோரா பல ஆண்டுகளாக 1 ஜிபி கொடுத்துவிட்டு 43ஆம் பதிப்பில் 2 ஜிபி ஆக்கியது. நிறுவியை உருவாக்குகிறவர்களே இவ்வளவு ஏற்றியிருக்கும்போது நாம் கஞ்சத்தனம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

விண்டோஸ் இருக்கும் டிஸ்கில் இடம் பிரிக்கும் முன்:

சி டிரைவைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) மீட்புச் சாவியை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். "நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்று சொல்பவர்களின் லேப்டாப்பிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகியிருக்கும், செட்டிங்ஸில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. பூட் வரிசை மாறியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை எடுக்க யாராலும் முடியாது.

அறிகுறி 2: எல்லாம் ஓடி முடிந்து, கடைசியில் கிரப் நிறுவும்போது தோல்வி

கோப்புகள் எல்லாம் நகலாகி, 90 சதவீதம் தாண்டியபின் "கிரப் பேக்கேஜை டார்கெட்டில் நிறுவ முடியவில்லை" என்று வரும். உடனே மறுபடி முதலிலிருந்து நிறுவாதீர்கள், காரணம் போகாமல் எத்தனை முறை நிறுவினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். லைவ் யுஎஸ்பியிலேயே இருந்து, எளியதிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

யுஎஸ்பி எந்த முறையில் கிளம்பியது? விண்டோஸ் யுஇஎஃப்ஐயில் இருக்க, யுஎஸ்பி பயாஸ் முறையில் கிளம்பியிருந்தால் கிரப் போக இடமிருக்காது. பூட் மெனுவில் அதே யுஎஸ்பி இரண்டு முறை தெரியும், யுஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப வாருங்கள்.

இஎஃப்ஐ பார்டிஷன் நிறைந்திருக்கிறதா? டிஎஃப் -எச் /டார்கெட்/பூட்/இஎஃப்ஐ கொடுத்துப் பாருங்கள். நிறைந்திருந்தால் உள்ளே இஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் போய் டியூ -எச்எஸ் * கொடுத்து எது பெரியது என்று பாருங்கள். முன்பு எப்போதோ போட்டு அழித்த லினக்ஸின் ஃபோல்டர் அப்படியே கிடக்கும். அந்த லினக்ஸின் பார்டிஷனை ஃபார்மட் செய்தாலும் இஎஃப்ஐக்குள் இருப்பது போகாது. அந்த ஃபோல்டரை அழிக்கலாம். லேப்டாப் நிறுவனத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்து அதில் பயாஸ் அப்டேட்டின் பழைய நகல்கள் பல எம்பி பிடித்திருந்தால், அவற்றை யுஎஸ்பிக்கு நகலெடுத்தபின் எடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரையும் பூட் ஃபோல்டரையும் தொடாதீர்கள். அதில் ஒரே விலக்கு, மைக்ரோசாஃப்ட்/பூட்/ஃபான்ட்ஸ் உள்ளே இருக்கும் எழுத்துருக்கள். விண்டோஸ் அப்டேட் "சிஸ்டம் ரிசர்வ்டு பார்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை" என்று அடம்பிடிக்கும்போது மைக்ரோசாஃப்ட்டே இவற்றை அழிக்கச் சொல்கிறது.

இடம் இருக்கிறது, ஆனாலும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" வருகிறதா? இது பலரை நாள்கணக்கில் அலையவிடும் ஒன்று. லாக்கில் அந்த வரிக்கு முன்னால் "குட் நாட் பிரிபேர் பூட் வேரியபிள்" என்றோ, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் (பூட் வரிசையை மாற்றும் கட்டளை) பெயரோ இருந்தால், நிறைந்தது பார்டிஷனே இல்லை. மதர்போர்டில் பூட் வரிசையைச் சேமிக்கும் சிறிய நினைவகம் நிறைந்திருக்கிறது. பார்டிஷனை 10 ஜிபி ஆக்கினாலும் இது தீராது. கர்னல் எப்போதாவது கிராஷ் ஆகும்போது எழுதிவைத்த டம்ப் கோப்புகள்தான் பெரும்பாலும் காரணம். /சிஸ்/எஃப்எஸ்/பிஸ்டோர் ஃபோல்டருக்குள் பாருங்கள், டிஎம்இஎஸ்ஜி என்று தொடங்கும் கோப்புகள் இருந்தால் அழித்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். அதோடு, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்று தட்டி, இப்போது இல்லாத பழைய லினக்ஸ்களின் வரிகள் இருந்தால் அவற்றின் எண்ணைக் கொடுத்து -பி எண் -பி என்று நீக்குங்கள், முதல் பி சிறிய எழுத்து, இரண்டாவது பெரிய எழுத்து. /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ/இஎஃப்ஐவார்ஸ் என்ற ஃபோல்டரை மட்டும் மொத்தமாக அழித்துவிடாதீர்கள். சில மதர்போர்டுகள் அதன்பிறகு ஆன்கூட ஆகாது.

பார்டிஷன் பழுதா? வெறும் படிக்க மட்டும் மவுன்ட் ஆனால் ஃபேட்டில் பிழை இருக்கிறது. அன்மவுன்ட் செய்துவிட்டு எஃப்எஸ்சிகே.விஃபேட் -ஏ ஓட்டுங்கள். அதுவும் படிக்கும் பிழை, ஐஓ எரர் என்று கத்தினால் டிஸ்க்கே போகிறது என்று அர்த்தம், கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி 3: "எம்பெட்டிங் ஏரியா சிறியது" அல்லது "பயாஸ் பூட் பார்டிஷன் இல்லை"

பழைய கணினிக்காரர்களுக்கு மட்டும் வருவது. தீர்வு சுருக்கமானது. டிஸ்க் ஜிபிடி என்றால் ஜிபார்ட்டட்டில் எங்காவது 1 எம்பிக்கு ஒரு பார்டிஷன் போட்டு, ஃபார்மட் செய்யாமல், பயாஸ்_கிரப் என்ற கொடியை வையுங்கள். கிரப் தானாகவே கண்டுகொள்ளும். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்து, முதல் பார்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கினால் கிரப்பின் கோர் இமேஜ் முன்னால் உள்ள 31 கேபியில் கொள்ளாது. இப்போது எல்லாம் 2048ஆம் செக்டரில், அதாவது 1 எம்பி விட்டுத்தான் தொடங்குகிறார்கள். அந்த டிஸ்கில் காப்பாற்ற எதுவும் இல்லையென்றால் புதிதாகப் பார்டிஷன் டேபிள் போட்டுவிடுவதே வேகமான வழி. "பிளாக்லிஸ்ட் வைத்து கட்டாயமாக நிறுவு" என்று எங்காவது படித்தால் செய்யாதீர்கள், இன்று கிளம்பும், ஃபைல் சிஸ்டம் அந்தக் கோப்பை இடம் மாற்றும் நாளில் கிளம்பாது.

அறிகுறி 4: நிறுவியாகிவிட்டது, ஆனால் அப்டேட் நின்றுபோகிறது

எல்லாரும் அதிகம் மாட்டுவது இங்கேதான். "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஃபெயில்டு", "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்", ஃபெடோராவில் "/பூட் ஃபைல் சிஸ்டத்தில் இன்னும் இத்தனை எம்பி தேவை", உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு ஏற்றும்போது "/பூட்டில் இடம் போதாது", எல்லாமே ஒன்றுதான். ஒரு கர்னலுக்குரிய கோப்புகள் எல்லாம் சேர்த்து நூறு எம்பி சுற்றிவரும், என்விடியா டிரைவர் இருந்தால் அதற்கும் மேலே. புதிய இனிட்ஆர்டியை எழுதும்போது பழையதை அழித்துவிட்டு எழுதாது, பக்கத்தில் .நியூ என்று முழுதாக எழுதி முடித்துத்தான் பெயரை மாற்றும். ஆகவே எப்போதும் ஒரு இனிட்ஆர்டி அளவுக்கு இடம் உபரியாக வேண்டும். 500 எம்பியில் மூன்று கர்னல் என்றால் கணக்கு இடிக்கத்தான் செய்யும்.

ஒரு விஷயம் முதலில்: பிழை வந்த நிலையில் ரீபூட் செய்யாதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கணினிதான் சரிசெய்ய மிகச் சுலபமான இடம். பாதி எழுதிய இனிட்ஆர்டியோடு ரீபூட் செய்தால் வேலை அறிகுறி 5க்குப் போய்விடும்.

யூநேம் -ஆர் கொடுத்து இப்போது எந்தக் கர்னலில் இருக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே என்ன செய்தாலும் அந்த எண்ணைத் தொடக்கூடாது.

உபுண்டு, டெபியன், மின்ட்டில் முதல் வேலை, சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ். பாதிப்பேருக்கு இதோடு முடிந்துவிடும். அப்புறம் சூடோ ஆப்ட் -எஃப் இன்ஸ்டால் கொடுத்து பாதியில் நின்றதை முடியுங்கள்.

ஆப்ட்டே "முதலில் உடைந்ததைச் சரிசெய்" என்று எதையும் செய்ய மறுத்தால், அது கேட்பது இடம், இடம் கொடுக்க அது விடாது. இந்தச் சுழலை உடைக்க எல்எஸ் -எல்எச் /பூட் கொடுத்துக் கோப்புகளைப் பாருங்கள். .நியூ, .டிபிகேஜி-பேக், .ஓல்டு-டிகேஎம்எஸ் என்று முடியும் இனிட்ஆர்டிகள் இருந்தால் அவை முன்பு தோற்ற முயற்சிகளின் மிச்சமோ, டிரைவர் மாற்றத்துக்கு முன் எடுத்த நகலோதான், தயங்காமல் அழிக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், இருப்பதிலேயே பழைய கர்னலின் இனிட்ஆர்டி கோப்பை மட்டும் அழியுங்கள். விஎம்லினஸ் (கர்னல்) கோப்பை விட்டுவிடுங்கள், இனிட்ஆர்டியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்ப உருவாக்கலாம். இடம் கிடைத்ததும் சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ, பிறகு ஆப்ட் -எஃப் இன்ஸ்டால், பிறகு அந்தப் பழைய கர்னலை ஆப்ட் பர்ஜ் மூலம் முறையாக நீக்குங்கள். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீக்காவிட்டால் பின்னொரு அப்டேட்டில் அழித்த இனிட்ஆர்டி மறுபடி உருவாகி, நீங்கள் திரும்ப இதே பக்கத்துக்கு வர நேரலாம்.

ஃபெடோராவில், சூடோ டிஎன்எஃப் ரிமூவ் --ஓல்டுஇன்ஸ்டால்ஒன்லி. இயல்பாக மூன்று கர்னல் வைத்துக்கொள்ளும், /இடிசி/டிஎன்எஃப்/டிஎன்எஃப்.கான்ஃப் கோப்பில் இன்ஸ்டால்ஒன்லி_லிமிட் என்பதை 2 ஆக்கிவிடலாம். 0-ரெஸ்கியூ என்ற பெயரோடு ஒரு பெரிய இனிட்ராம்எஃப்எஸ் கிடக்கும், லைவ் யுஎஸ்பி ஒன்று கையில் வைத்திருப்பவர் அதை எடுத்துவிடலாம், இல்லாதவர் எடுக்க வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் இரண்டே கர்னலுக்கு இடமில்லை என்றால், இனிட்ஆர்டியின் அளவைக் குறையுங்கள். /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் மாட்யூல்ஸ்=மோஸ்ட் என்பதை டெப் என்று மாற்றி, சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ கொடுங்கள். இந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும், அளவு நன்றாக இறங்கும். ஆனால் நாளைக்கு இந்த டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கிளம்பாமல் போகலாம். அது நினைவிருந்தால் சரி, எனக்கு இதைவிட இடத்தைப் பெரிதாக்குவதுதான் பிடிக்கும்.

அப்டேட் எல்லாம் பிழையில்லாமல் முடிகிறது, ஆனால் ரீபூட் செய்தால் யூநேம் பழைய எண்ணையே காட்டுகிறதா? இது எதிர்ப்பக்கத்துச் சிக்கல். ஃபைண்ட்எம்என்டி /பூட் கொடுங்கள். எதுவும் வரவில்லை, ஆனால் உங்களுக்குத் தனி பூட் பார்டிஷன் உண்டு என்றால், அது மவுன்ட் ஆகவில்லை. புதிய கர்னல்கள் எல்லாம் ரூட்டுக்குள் இருக்கும் வெற்று ஃபோல்டரில் குவிந்துகொண்டிருக்கின்றன, கிரப்போ உண்மையான பார்டிஷனைப் படிக்கிறது. /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் (எது எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) உள்ள யுயுஐடியை (பார்டிஷனின் அடையாள எண்ணை) எல்எஸ்பிஎல்கே -எஃப் காட்டுவதோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, மவுன்ட் செய்து, கர்னல் பேக்கேஜை மறுநிறுவல் செய்தால் தீரும்.

அறிகுறி 5: ரீபூட்டுக்குப் பின் "கர்னல் பேனிக்", "அன்ஏபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்"

அன்னோன்-பிளாக்(0,0) என்று வந்தால், கர்னல் ஏறிவிட்டது, அதற்கான இனிட்ஆர்டி இல்லை அல்லது பாதிதான் இருக்கிறது. உங்கள் கோப்புகளுக்கு எதுவும் ஆகவில்லை, நிதானமாக இருங்கள்.

பழைய கர்னலில் கிளம்பிப் பாருங்கள். ஆன் ஆகும்போது யுஇஎஃப்ஐயில் எஸ்கேப், பழைய பயாஸில் ஷிஃப்ட் பிடித்தால் கிரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். கிளம்பியதும் அறிகுறி 4இல் சொன்னபடி இடம் செய்துவிட்டு, சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே என்பதோடு கிளம்பாத கர்னலின் எண்ணைக் கொடுங்கள், பிறகு சூடோ அப்டேட்-கிரப்.

எந்தக் கர்னலும் கிளம்பவில்லை என்றால் லைவ் யுஎஸ்பியில் வந்து சிஎச்ரூட் செய்ய வேண்டும், அதாவது டிஸ்கில் நிறுவிய லினக்ஸுக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க வேண்டும். ரூட்டை /எம்என்டியில் மவுன்ட் செய்யுங்கள், பூட் பார்டிஷனை /எம்என்டி/பூட், இஎஃப்ஐயை /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ என்று அதே வரிசையில். டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து உள்ளே போய் அதே இரண்டு கட்டளைகள். என்கிரிப்ட் செய்த டிஸ்க் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். கிரிப்ட்செட்டப் மூலம் திறக்கும்போது நீங்கள் கொடுக்கும் பெயர், /இடிசி/கிரிப்ட்டேப் கோப்பில் இருக்கும் பெயராகவே இருக்க வேண்டும். வேறு பெயரில் திறந்து இனிட்ஆர்டியை உருவாக்கினால், கடவுச்சொல் கேட்கும் பகுதி அதற்குள் சேராமல் போய், ரீபூட் செய்தபின் பாஸ்வேர்டு கேட்காமலே நின்றுவிடும்.

சிஎச்ரூட் என்ற சொல்லே புதிது, உள்ளே இருப்பது முக்கியமான கோப்புகள் என்றால், லைவ் யுஎஸ்பியிலிருந்து ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடுங்கள். இதில் தவறில்லை, நேரமும் மிச்சம்.

அறிகுறி 6: சுத்தம் செய்தும் மாதாமாதம் திரும்ப நிறைகிறது

இப்போதுதான் பார்டிஷனைப் பெரிதாக்கும் பேச்சு. எளியதிலிருந்து செலவு அதிகமானது வரை சொல்கிறேன். எதைத் தொடங்கும் முன்பும் வெளி டிஸ்கில் ஒரு பேக்கப், லேப்டாப் என்றால் சார்ஜரில் செருகியிருக்க வேண்டும்.

என்கிரிப்ஷன் இல்லை, ரூட் இஎக்ஸ்டி4, விநியோகம் உபுண்டு, டெபியன் அல்லது மின்ட்: பெரிதாக்கவே வேண்டாம், தனி /பூட்டை ரூட்டுக்குள் இழுத்துவிடுங்கள். இஎஃப்ஐயை அன்மவுன்ட் செய்து, சிபி -ஏ மூலம் /பூட்டை /பூட்-புதிது போன்ற ஒரு ஃபோல்டருக்கு நகலெடுத்து, பூட் பார்டிஷனை அன்மவுன்ட் செய்து, காலி /பூட் ஃபோல்டரை நீக்கி, நகலுக்கு அந்தப் பெயரை வைத்து, எஃப்எஸ்டேபில் /பூட் வரியின் முன் # போட்டு, இஎஃப்ஐயைத் திரும்ப மவுன்ட் செய்து, கிரப்-இன்ஸ்டாலும் அப்டேட்-கிரப்பும் ஓட்டுங்கள். எந்தப் பார்டிஷனும் நகரவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. பழைய பூட் பார்டிஷனை ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்து, எல்லாம் கிளம்புகிறது என்று உறுதியானபின் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

/பூட்டுக்கு அடுத்தே ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் இடம்) பார்டிஷன் இருக்கிறது: அதிர்ஷ்டம். லைவ் யுஎஸ்பியில் ஸ்வாப்பை அழித்து அந்த இடத்துக்கு /பூட்டை நீட்டுங்கள், பிறகு ரூட்டுக்குள் ஸ்வாப் கோப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், எஃப்எஸ்டேபில் பழைய ஸ்வாப் வரியை மறக்காமல் மாற்றுங்கள்.

/பூட்டுக்கு அடுத்து ரூட் பார்டிஷன்: ரூட்டைச் சுருக்கி, அதன் தொடக்கத்தை வலப்பக்கம் தள்ள வேண்டும். ஜிபார்ட்டட் செய்யும், ஆனால் முழு டேட்டாவும் நகரும். ஆரம்பிக்கும் முன் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ கொடுத்து ரீஅலொகேட்டடு, பெண்டிங் செக்டர் (பழுதான பகுதிகள்) எண்கள் பூஜ்யமா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

லக்ஸ் என்கிரிப்ஷனும் எல்விஎம்மும் (டிஸ்க் இடத்தை அடுக்குகளாகப் பிரிக்கும் முறை) சேர்ந்தது: ஃபைல் சிஸ்டம், எல்விஎம்மின் எல்வி, பிவி, லக்ஸ், பார்டிஷன் என்று ஐந்து அடுக்கையும் வரிசை மாறாமல் சுருக்க வேண்டும், ஒரு அடுக்கில் அளவு பிசகினாலும் மேலே இருப்பது எல்லாம் போகும். /பூட்டை உள்ளே இழுக்கும் குறுக்குவழியும் இங்கே எளிதில்லை, ஏனென்றால் லக்ஸ்2 இயல்பாகப் பயன்படுத்தும் ஆர்கான்2 என்ற கடவுச்சொல் முறையை கிரப் 2.06, 2.12 பதிப்புகள் திறக்காது. பேக்கப் எடுத்து, 2 ஜிபி /பூட்டோடு புதிதாக நிறுவுவதைத்தான் எல்லாருக்கும் சொல்வேன்.

எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

ஸ்மார்ட்டில் பெண்டிங் செக்டர் தெரிகிறது, அல்லது டிஎம்இஎஸ்ஜியில் (கர்னலின் செய்திப் பதிவில்) ஐஓ எரர் ஓடுகிறது: கணினியை அணைத்துவிடுங்கள். எஃப்எஸ்சிகே ஓட்டுவதும், "இன்னொரு தடவை முயற்சி செய்வதும்" டிஸ்கை இன்னும் மோசமாக்கும். இங்கே தேவை டேட்டா மீட்பு தெரிந்தவர். டிஸ்க் மாற்றி விண்டோஸ் போட்டுத் தருபவர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வரிசையாக இருக்கிறார்கள், ஆனால் மீட்பு வேறு வேலை, "முதலில் டேட்டா, ஃபார்மட் செய்யக்கூடாது" என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

பார்டிஷனை நகர்த்தும்போது நடுவில் கரண்ட் போய்விட்டது: அந்த டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள், மறுபடி நிறுவியை ஓட்டாதீர்கள். எவ்வளவு குறைவாகத் தொட்டிருக்கிறீர்களோ அவ்வளவு மீட்க முடியும்.

பிட்லாக்கர் சாவி கேட்கிறது, கையில் இல்லை: முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பாருங்கள், தானாக ஆன் ஆன என்கிரிப்ஷன் என்றால் பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும். அலுவலக லேப்டாப் என்றால் அங்குள்ள ஐடி பிரிவிடம் கேளுங்கள். சாவி இல்லாமல் திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

தூரத்தில் இருக்கும் சர்வர், கன்சோல் அணுகல் இல்லை: /பூட்டைச் சுத்தம் செய்வது வரை நீங்கள் செய்யலாம். பார்டிஷன் வேலையை ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஆதரவுக் குழுவிடம் டிக்கெட் போட்டுக் கன்சோல் வாங்கியபின் தொடங்குங்கள்.

யாரைக் கூப்பிட்டாலும் மூன்று விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பிழைச்செய்தியின் முழுத்திரை ஃபோட்டோ, எல்எஸ்பிஎல்கே -எஃப் வெளியீடு, நீங்கள் இதுவரை கொடுத்த கட்டளைகளின் பட்டியல். கட்டளைப் பட்டியலில் எதையும் மறைக்காமல் கொடுங்கள், வருபவர் எங்கிருந்து தொடங்குவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்.